ஒரே பாட்டு, எட்டு உலகங்கள்

2013 ஏப்ரலில் லண்டனில் ஒரு துப்பறியும் நாவல் வெளியானது. தலைப்பு ‘தி குக்கூஸ் காலிங்’. எழுதியவர் ராபர்ட் கால்பிரைத் என்று அட்டையில் இருந்தது. அதற்கு முன்பு யாரும் கேள்விப்படாத பெயர். விமர்சகர்கள் நல்லபடியாகவே எழுதினார்கள். ஆனாலும் மூன்று மாதங்களில் பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பு சுமார் 1,500 படிகள்தான் விற்றன. புதிய எழுத்தாளரின் முதல் நாவலுக்கு இது அவமானமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. ஜூலையில் ‘சண்டே டைம்ஸ்’ இதழ் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தது. கால்பிரைத் என்று ஒருவர் கிடையாது, ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரவுலிங்தான் அந்தப் புனைபெயருக்குள் இருக்கிறார் என்றது. நாவல் உடனே அமேசான் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை.

இதழுக்குக் கிடைத்தது வெறும் துப்பு மட்டும்தான். அதை உறுதிசெய்ய அவர்கள் நாடியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டுகேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்ரிக் ஜுவோலா. அவர் கதையின் பொருளைப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்த்தார். எத்தனை எழுத்து நீளமுள்ள சொற்கள் எவ்வளவு வருகின்றன, மிகச் சாதாரணமான நூறு சொற்கள் எந்த விகிதத்தில் வருகின்றன, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் உட்காருகிறது என்று கணினியைக் கொண்டு அளந்தார். ரவுலிங்கின் முந்தைய நாவலோடும், பி. டி. ஜேம்ஸ், ரூத் ரெண்டல், வால் மெக்டெர்மிட் ஆகிய மூன்று பிரிட்டிஷ் துப்பறியும் கதாசிரியர்களின் நாவல்களோடும் ஒப்பிட்டார். நான்கு பேரில் ரவுலிங்தான் தொடர்ந்து நெருங்கி வந்தார். இதை நீதிமன்றச் சான்றாகக் கொள்ள முடியாது; ஆனால் நேரடியாகக் கேட்டுவிடும் துணிச்சலை இதழுக்குக் கொடுக்க இது போதும். கேட்டார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். ஒருவர் கவனமாகத் தேர்ந்தெடுக்கும் அழகான சொற்களைவிட, கவனமில்லாமல் கொட்டும் சில்லறைச் சொற்கள்தான் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆசிரியர் யார் என்பதைக் கணினி கண்டுபிடித்துவிட்டது. ஆனால் இந்த நிகழ்ச்சி எழுப்பும் இன்னொரு கேள்வி அதைவிடக் கடினமானது. அதே எழுத்து, அதே ஆள். ஒரு பெயரில் 1,500 படிகள், இன்னொரு பெயரில் பட்டியலின் முதலிடம். அப்படியானால் ஹாரி பாட்டரின் வெற்றியில் எழுத்தின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? 1997க்குத் திரும்பிப் போய் முதல் புத்தகத்தை மறுபடி வெளியிட்டால், உலகம் மறுபடியும் அதையேதான் தூக்கிக் கொண்டாடியிருக்குமா?

சமூகத்தை ஆராய்கிறவர்கள் காலங்காலமாக முட்டி நின்ற சுவர் இது. வேதியியல்காரர் ஒரு கரைசலை நூறு சோதனைக் குழாய்களில் ஊற்றி நூறு முறை பார்க்கலாம். வரலாறு ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. ஒன்று வென்றபின் அது ஏன் வென்றது என்று விளக்குவது எளிது. வேறொன்று வென்றிருந்தால் அதற்கும் இதே அளவு எளிதாக விளக்கம் சொல்லியிருப்போம். எந்த விளக்கம் சரி என்று சோதிக்க இரண்டாவது வரலாறு கையில் இல்லை.

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தார்கள். மேத்யூ சால்கானிக் அப்போது ஆய்வு மாணவர். பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் இருவரும் வலைப்பின்னல்களை ஆராய்ந்தவர்கள். அவர்கள் கட்டியது ஓர் இணையதளம். பெயர் ‘மியூசிக் லேப்’.

எட்டு முறை ஓடிய போட்டி

தளத்தில் 48 பாடல்கள் இருந்தன. எல்லாமே பெயர் தெரியாத இசைக்குழுக்களுடையவை. தளத்துக்கு வருகிறவர் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டதற்கு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கலாம், பிடித்திருந்தால் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வந்தவர்கள் மொத்தம் 14,341 பேர், பெரும்பாலும் பதின்பருவத்தினர்.

சூட்சுமம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்தவுடன் ஒவ்வொருவரும் குலுக்கல் முறையில் ஓர் ‘உலக’த்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பகுதியினர் போன உலகத்தில் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. மீதிப் பேர் எட்டு உலகங்களுக்குப் பிரிந்து போனார்கள். அங்கே ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் அதுவரை எத்தனை பேர் அதைப் பதிவிறக்கினார்கள் என்ற எண் இருந்தது. ஆனால் அந்த எண் அந்தந்த உலகத்து மக்களின் எண். மூன்றாம் உலகத்தில் இருப்பவருக்கு ஐந்தாம் உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எட்டு உலகமும் பூஜ்யத்தில் தொடங்கின. அதே 48 பாட்டுகள், ஒரே மாதிரியான ரசிகர்கள். ஒரே வரலாறு எட்டு முறை நடந்தது.

பாடல்களின் இயல்பான தரம்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்றால் எட்டு உலகங்களிலும் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. ‘52 மெட்ரோ’ என்ற குழுவின் ‘லாக்டவுன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் செய்தது தெரியாமல் தேர்ந்தெடுத்தவர்களிடம் அது 26ஆம் இடம் பிடித்தது, நட்டநடுவான பாட்டு. எட்டு உலகங்களில் ஒன்றில் அது முதலிடம். இன்னொன்றில் 40ஆம் இடம். முதல் உலகத்து விமர்சகர் ஒருவர் இருந்தால் அந்தப் பாட்டின் மெட்டைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை எழுதியிருப்பார். மற்ற உலகத்து விமர்சகருக்கு அப்படி ஒரு பாட்டு இருந்ததே தெரிந்திருக்காது.

எண்கள் தெரிந்த உலகங்களில் இன்னொன்றும் நடந்தது. வென்ற பாட்டுகள் மிகப் பெரிதாக வென்றன, தோற்றவை அடியோடு தோற்றன. சோதனையின் இரண்டாம் கட்டத்தில் பாடல்களை எண்ணிக்கை வரிசைப்படி மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டினார்கள். பிறர் தேர்வு இன்னும் பளிச்சென்று கண்ணில் பட்டது. ஏற்றத்தாழ்வும் கூடியது, யார் வெல்வார் என்பதன் நிச்சயமின்மையும் கூடியது. பெரிய வெற்றி என்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. வெற்றி பெரிதாகும் அதே இடத்தில்தான் அதை முன்கூட்டிச் சொல்வதும் கடினமாகிறது என்று இந்தச் சோதனை காட்டியது.

தரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. மிகச் சிறந்த பாட்டுகள் அபூர்வமாகவே அடிமட்டத்துக்குப் போயின, மிக மோசமானவை அபூர்வமாகவே மேலே வந்தன. இடையில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். பின்னர் சால்கானிக்கும் வாட்ஸும் ஒரு விஷமமான சோதனையும் செய்தார்கள். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, அதிகம் விரும்பப்பட்ட பாட்டை யாரும் சீண்டாதது போலவும், சீண்டாததை உச்சத்தில் இருப்பது போலவும் காட்டினார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்குப் பொய்யே மெய்யாகிவிட்டது. மிகச் சிறந்த சில பாட்டுகள் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தன. கூடவே, பொய்ப் பட்டியல் காட்டிய உலகங்களில் மொத்தப் பதிவிறக்கமே குறைந்துபோனது. ஊர் சொன்னதை நம்பி மோசமான பாட்டைக் கேட்டவர்கள் அடுத்த பாட்டைத் தேடாமல் போயிருக்கலாம்.

2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்தச் சோதனையின் செலவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பாடல்களை இசைக்குழுக்கள் மனமுவந்து கொடுத்தன. கலந்துகொண்டவர்களுக்குப் பாட்டுதான் கூலி. இணையம் இல்லாத காலத்தில் பல்லாயிரம் பேரை எட்டுத் தனித்தனி அரங்குகளில் உட்காரவைத்து இதைச் செய்திருக்க எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடிந்திருக்காது.

ஜாடியும் பத்து வரி நிரலும்

எட்டு உலகமும் எட்டுத் திசையில் போவதன் கணக்கை ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போட்டுவைத்திருந்தார். ஒரு ஜாடியில் ஒரு சிவப்புக் கோலியும் ஒரு கறுப்புக் கோலியும் இருக்கின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். அதைத் திரும்பப் போடும்போது அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். மறுபடி எடுங்கள், மறுபடி சேருங்கள். ஆயிரம் முறை செய்தபின் ஜாடியில் சிவப்பின் பங்கு எவ்வளவு இருக்கும்?

இரண்டு நிறமும் சம பலத்தில் தொடங்கியதால் பாதிக்குப் பாதி என்று தோன்றும். அது தவறு. ஒரு முறை செய்தால் 82 சதவீதத்தில் போய் நிற்கலாம், இன்னொரு முறை 17இல் நிற்கலாம். எந்தப் பங்கும் வேறெந்தப் பங்கைப் போலவே சம வாய்ப்புள்ளது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணில் போய் அது அசையாமல் நின்றுவிடும். முதல் பத்து இருபது கோலிகளில் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு ஆயிரம் கோலிகளுக்கு நடுவே ஒரு கோலி கூடுவதால் எதுவும் நகராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த உறுதிதான் தெரியும், அது தற்செயலாக வந்த உறுதி என்பது தெரியாது.

இதைப் படித்து நம்ப வேண்டியதில்லை, செய்தே பார்க்கலாம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். கணினியில் எதையும் நிறுவக்கூட வேண்டாம். கூகுள் கோலாப் போன்ற இலவசச் சேவையில் உலாவியைத் திறந்து எழுதிவிடலாம். இரண்டு கோலிகளுக்குப் பதில் 48 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் தரத்துக்கு ஓர் எண். அந்தத் தர எண்ணையும் அதுவரை சேர்ந்த கோலிகளையும் பெருக்கி, வாய்ப்பு அதற்கேற்பக் கூடும்படி செய்யுங்கள். எட்டு முறை ஓட்டுங்கள். உங்கள் திரையிலும் எட்டு உலகங்கள் பிரியும். பிறர் செய்வதைப் பார்க்கும் பழக்கத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகிறது, தரத்தின் கையை உயர்த்தினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்க்கலாம். எந்தச் சமூகத்திலும் செய்ய முடியாத சோதனை இது. ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தத் துறைக்குக் கணினிவழிச் சமூக அறிவியல் என்று பெயர். 2009இல் டேவிட் லேசர் தலைமையில் 15 ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைத்தான் பலரும் அதன் பிறப்புச் சான்றிதழாகச் சொல்வார்கள். இதைக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு வாசல் வியக்கத்தக்க அளவு திறந்திருக்கிறது. சால்கானிக் எழுதிய ‘பிட் பை பிட்’ என்ற பாடநூலை இணையத்தில் முழுவதுமாக இலவசமாகப் படிக்கலாம். நடத்தையைக் கவனித்தல், கேள்வி கேட்டல், சோதனை செய்தல், கூட்டாக உழைத்தல், அறநெறி என்று அது நடக்கிறது, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிகளோடு. அவரும் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பெய்லும் 2017இல் தொடங்கிய கோடைக்காலப் பள்ளியின் விரிவுரைகளும் நிரல்களும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன.

தரவும் பக்கத்திலேயே இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையை யார் எப்போது திருத்தினார், எதை நீக்கினார், எந்தப் பக்கத்தை எந்த நாளில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் பொதுவில் கிடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் இதில் அடக்கம். சமூக ஊடகங்களின் நிலைமை வேறு. 2023இல் எக்ஸ் தளமாக மாறிக்கொண்டிருந்த ட்விட்டர், ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவந்த இலவச வழியை அடைத்தது. பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய தன் கிரவுட்டாங்கிள் கருவியை 2024இல் மெட்டா நிறுவனம் மூடியது. நேற்று எழுதிய பாடத்திட்டம் இன்று ஓடாது என்பதால், ஒரே ஒரு தளத்தை நம்பி எதையும் கற்காமல் இருப்பது நல்லது.

தமிழில் எண்ண நினைப்பவருக்கு முதல் நாளே ஒரு முட்டுக்கட்டை வரும். ‘வீடு’ என்று தேடினால் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாம் நழுவிப்போகும். ஆங்கிலத்துக்கென்று எழுதிய நிரல் இவற்றை உறவில்லாத வெவ்வேறு சொற்களாக எண்ணும். கணினி ‘கை’ என்ற ஓர் எழுத்தை இரண்டு குறிகளாகச் சேமிப்பதால் எழுத்தெண்ணிக்கையும் பிசகும். சொல்லை அதன் வேருக்குக் கொண்டுபோகும் கருவி இல்லாமல் தமிழ்த் தரவில் எண்ணியது எதையும் நம்பக் கூடாது.

அளவும் கேள்வியும்

தரவு மலையளவு இருந்தால் சிந்தனை தேவையில்லை என்ற மயக்கத்துக்கு ஒரு பிரபலமான மருந்து உண்டு. 2009இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு முறையை அறிவித்தார்கள். மக்கள் கூகுளில் தேடும் 5 கோடிச் சொற்றொடர்களைச் சலித்து, அமெரிக்காவின் ஃப்ளூ காய்ச்சல் அளவோடு சேர்ந்து ஏறி இறங்குகிற 45ஐப் பொறுக்கினார்கள். அரசின் நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். இது ஏறக்குறைய உடனுக்குடன் சொல்லிவிடும். உலகமே வியந்தது.

பருவம் தவறி வந்த 2009 பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது கோட்டைவிட்டது. திருத்தினார்கள். பிறகு 2011 ஆகஸ்டு தொடங்கி 108 வாரங்களில் 100 வாரங்கள் உண்மையைவிட அதிகமாகவே சொன்னது. காரணங்களை லேசரும் மற்றவர்களும் 2014இல் விளக்கினார்கள். 5 கோடித் தொடர்களில் தேடினால், குளிர்காலத்தில் நடப்பதாலேயே ஃப்ளூவோடு ஒத்துப்போகிற, நோய்க்குத் தொடர்பே இல்லாத தொடர்கள் மாட்டத்தான் செய்யும். பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியும் ஃப்ளூவும் ஒரே பருவத்தில் வருகின்றன. அதோடு, கூகுள் தன் தேடுபெட்டியையே அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தது. பயனர் எதைத் தேட வேண்டும் என்று அதுவே பரிந்துரைத்தது. மக்களின் நடத்தையை அளப்பதாக நினைத்துத் தன் சொந்த மாற்றங்களையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது அந்த முறை.

இதற்கு மாறான பாதையில் போனவர்கள் ஜோஷுவா புளூமென்ஸ்டாக்கும் குழுவினரும். ருவாண்டாவில் எந்தப் பகுதியில் எவ்வளவு வறுமை என்று அறிய வீடு வீடாகக் கணக்கெடுப்பது நீண்ட காலமும் பெரும் பணமும் பிடிக்கும் வேலை. அவர்கள் கையில் 15 லட்சம் கைபேசி வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் இருந்தன. பேசியது என்ன என்பது கிடையாது, எப்போது எங்கிருந்து எத்தனை முறை பேசினார்கள் என்பது மட்டும். அதைவைத்து நேரே முடிவுக்குத் தாவவில்லை. அந்த வாடிக்கையாளர்களிலிருந்து குலுக்கலில் எடுத்த 856 பேரைத் தொலைபேசியில் அழைத்து, சம்மதம் கேட்டு, வீட்டில் என்னென்ன உடைமைகள் இருக்கின்றன என்று விசாரித்தார்கள். எப்படிப்பட்ட அழைப்புப் பழக்கம் எப்படிப்பட்ட வசதியோடு போகிறது என்பதை அந்த 856 பேரிடம் கற்று, மீதி லட்சக்கணக்கானோருக்கு மதிப்பிட்டார்கள். கிடைத்த வரைபடத்தை அரசின் நேரடிக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டபோது இரண்டும் நன்றாகப் பொருந்தின. 15 லட்சம் பேரின் தரவுக்கு அர்த்தம் கொடுத்தது 856 பேரிடம் வாய்விட்டுக் கேட்ட கேள்விதான்.

கேட்காமலே செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ சற்றுக் குறைத்துக் காட்டியது. அவர்கள் எழுதியவற்றின் தொனி இம்மியளவு மாறியது. 2014இல் முடிவு வெளியானபோது எழுந்த கோபம் அந்த இம்மியைப் பற்றியதில்லை. தாம் சோதனையில் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே சம்மதம் குறித்த தன் கவலையைத் தனிக் குறிப்பாகப் பதிவுசெய்தது. பெயரை நீக்கிவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணமும் நிற்காது. 2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம் பெயர்களை எடுத்துவிட்டு வெளியிட்ட தேடல் பதிவுகளை வைத்தே, செய்தியாளர்கள் ஒரு பெண்மணியின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நான்கு விவரங்களும் பன்னிரண்டாயிரமும்

மியூசிக் லேப் சொன்ன நிச்சயமின்மை பாட்டுக்கு மட்டும்தானா, மனித வாழ்க்கைக்கும் உண்டா? சால்கானிக்கும் சகாக்களும் அதையும் சோதித்தார்கள். அமெரிக்க நகரங்களில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த சில ஆயிரம் குழந்தைகளின் குடும்பங்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பேட்டி கண்டுவந்த ஒரு நெடிய ஆய்வு உண்டு. அதிலிருந்து 4,242 குடும்பங்களின் தரவை ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் 12,942 விவரங்கள். பிள்ளைக்கு ஒன்பது வயது வரை நடந்தது எல்லாம் இதோ. பதினைந்தாம் வயதில் என்ன நடந்திருக்கும் சொல்லுங்கள் என்பது சவால். பள்ளி மதிப்பெண், குடும்பத்தின் பண நெருக்கடி, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்களா என்பது உட்பட ஆறு கேள்விகள். சரிபார்ப்புக்கான விடைகள் பூட்டிவைக்கப்பட்டிருந்தன.

160 குழுக்கள் அனுமானங்களை அனுப்பின. அன்றைய மிக நவீனமான இயந்திரக் கற்றல் முறைகள் எல்லாம் களத்தில் இறங்கின. 2020இல் முடிவு வெளியானது. மிகச் சிறந்த குழுவின் அனுமானம்கூட உண்மையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. வெறும் நான்கு விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணக்கைவிட அது கொஞ்சம்தான் மேல். வெளியேற்றம் போன்ற கேள்விகளில், எல்லோருக்கும் ஒரே சராசரியைச் சொல்லிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைத் துறையின் தோல்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அதன் ஒன்பது வயதுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை இவ்வளவு கறாராக நிரூபித்த வேறு ஆய்வைக் காண்பது அரிது. எந்தப் பாட்டு வெல்லும், எந்தக் குடும்பம் விழும் என்று முன்கூட்டிச் சொல்வதற்காகத்தான் பலரும் இந்தக் கணினி முறைகளைக் கற்க வருகிறார்கள். கற்றுத் தேறும்போது கையில் மிஞ்சுவது, நடந்தது எந்த அளவுக்கு வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று அளக்கும் திறமை.

அந்தத் திறமைக்கு இன்று நடைமுறைப் பயன் அதிகம். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு வேலை கொடுப்பது, எந்த வீட்டை அதிகாரி போய்ப் பார்ப்பது என்பதையெல்லாம் பல நாடுகளில் மென்பொருள் ஓர் எண்ணாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த எண்ணை யாராவது நீட்டும்போது அசராமல் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: நான்கே விவரங்களை வைத்துப் போடும் எளிய கணக்கைவிட இது எவ்வளவு மேல்? கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. தரவைத் திறந்து காட்டினால், பதிலைச் சரிபார்க்கக் கொஞ்சம் பைத்தானும் ஓர் ஓய்வு நாளும் போதும்.